டயருக்குக் கறுப்பு வேண்டாம்: விமான மாடல் தொழிலில் சக்கரத்துக்கு நிறம் தேர்வது எப்படி?

விமான மாடல் செய்து கொடுப்பதைத் தொழிலாக எடுத்தவர்களும், எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் முதலில் கைப்பழக வேண்டிய பாகம் எது என்று கேட்டால், சக்கரம் என்றுதான் சொல்வேன். இறக்கைக்கும் உடற்பகுதிக்கும் கிட் பெட்டியிலேயே நிறக் குறிப்பு இருக்கிறது. டயருக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: கறுப்பு. அதை அப்படியே நம்பி கறுப்பு டப்பாவைத் திறப்பவர் பொழுதுபோக்குக்காரராகவே நின்றுவிடுவார். எந்தக் கறுப்பு, எவ்வளவு சாம்பல், எந்தப் பக்கம் தேய்ந்தது, எந்த மண் ஒட்டியது என்று யோசித்து நிறம் கலப்பவரைத்தான் வாடிக்கையாளர் இரண்டாம் முறை தேடி வருவார்.

காரணம் எளிது. விமான மாடலைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களில் பலர் அந்த விமானத்தோடு வாழ்ந்தவர்கள். ஓட்டியவர், பழுது பார்த்தவர், அதன் டயருக்குக் காற்றழுத்தம் பார்த்தவர். தரைப் பணியில் இருந்த ஒருவர் விமானத்தைச் சுற்றிவரும்போது தினமும் குனிந்து பார்த்தது சக்கரத்தைத்தான். அந்தக் கண் உங்கள் மாடலிலும் முதலில் அங்கேதான் போகும். அங்கே பொருந்திவிட்டால் மற்றதையும் நம்பிவிடுவார்.

கறுப்பு ஏன் கூடாது?

மூன்று காரணங்கள்.

ஒன்று, உண்மையான டயர் சுத்தக் கறுப்பு கிடையாது. தெருவில் இறங்கிப் பாருங்கள். நிற்கும் பேருந்து, லாரி எதன் டயரை வேண்டுமானாலும் உற்றுப் பாருங்கள். தரையைத் தொடும் பட்டை வெளிறிய சாம்பல். சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், அதைவிட அடர்த்தி. கொஞ்ச நாள் ஓடாமல் நின்ற வண்டியாக இருந்தால் சைடுவாலில் பழுப்பு படர்ந்திருக்கும். ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்காமல் காக்க டயரில் சேர்க்கும் வேதிப்பொருள் மெல்ல மேற்பரப்புக்கு வந்து காற்று பட்டுப் பழுப்பாவதுதான் அது. விமான டயருக்கும் இதே ரப்பர், இதே வெயில்.

இரண்டு, சுத்தக் கறுப்புக்கு மேல் நிழல் போட முடியாது. டயரின் பள்ளங்கள், எழுத்துகள், ரிம்மோடு சேரும் விளிம்பு எல்லாம் தெரிய வேண்டுமானால் அங்கே அடிநிறத்தைவிட இருண்ட ஒரு நிறம் வேண்டும். அடிநிறமே கடைசிக் கறுப்பாக இருந்தால் இறங்கிப் போக இடமில்லை. செதுக்கிய நுணுக்கம் முழுவதும் தொலைந்துபோகும். கறுப்பு டப்பாவை நிழலுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

மூன்று, சிறிய பொருளில் அடர்நிறம் இன்னும் அடர்ந்து தெரியும். வெளிர்ச் சாம்பல் வயிறும் வெள்ளைக் கால்களும் கொண்ட போர்விமானத்தில் சுத்தக் கறுப்புச் சக்கரம் வைத்தால், அது சக்கரமாகத் தெரியாது. ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

முதலில் காலத்தைப் பாருங்கள்

டயருக்கு நிறம் தேர்வதில் முதல் கேள்வி வருடம். ரப்பர் பிறவியிலேயே கறுப்பு இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கும்போது பார்த்திருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். சிரட்டையில் வடிவது வெள்ளைப் பால். அதை உறைய வைத்து, ஷீட் அடித்து, புகை போட்டால் தேன் நிறம். கறுப்பு எங்கிருந்து வந்தது? கார்பன் பிளாக் என்ற கரித்தூளிலிருந்து. அது ரப்பரை வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்தும் காக்கும். அதைக் கலந்தால் ரப்பர் தேயாமல் உழைக்கும் என்பது 1904 வாக்கில் லண்டனின் சில்வர்டவுன் தொழிற்சாலையில் தெரியவந்தது. டயர்த் தொழில் முழுவதும் அது பரவியது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான். அதுவரை வெளிறிய டயர்கள்தான் புழங்கின. மிஷெலின் நிறுவனம் 1898-இல் உருவாக்கிய டயர் மனிதன் வெள்ளையாக இருப்பதும் அதனால்தான்.

இதை மாடல் மேசைக்குக் கொண்டுவந்தால் மூன்று காலங்கள் கிடைக்கும்.

முதல் உலகப்போர் விமானம் என்றால் டயர் பெரும்பாலும் சாம்பல். நடுச் சாம்பலிலிருந்து வெளிர்ச் சாம்பல் வரை, சிலவற்றில் மஞ்சள் கலந்த வெள்ளை வரை போகும். ரப்பரில் துத்தநாக ஆக்சைடு சேர்த்ததால் வந்த நிறம் அது. அந்தக் கால விமானத்துக்குக் கறுப்பு டயர் போட்டால், விவரம் தெரிந்தவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

இரண்டாம் உலகப்போர் விமானம் என்றால் கார்பன் பிளாக் வந்துவிட்டது. டயர் அடர்சாம்பல். ஆனால் போர்க்களத்து வெயில், புழுதி, சேறு, பெட்ரோல் எல்லாம் அதன் மேல் ஏறியிருக்கும்.

ஜெட் காலம் என்றால் டயர் இன்னும் அடர்த்தி. அழுத்தம் அதிகம், தரையிறங்கும் வேகம் அதிகம். ஓடுபாதை சிமெண்ட்டோ தாரோ என்பதால் மண் குறைவு, தேய்மானம் அதிகம். தேய்மானத்தைக் காட்டுவதில்தான் இங்கே திறமை.

வாடிக்கையாளரிடம் நான்கு கேள்விகள்

வேலையை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே இவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் வேலை தெரியாதவர் என்று நினைப்பார்கள். முதலில் கேட்டால் கறாரானவர் என்று மதிப்பார்கள்.

1. எந்த வருடத்து விமானம், எந்த இடத்தில் நின்றது? "ஸ்பிட்ஃபயர்" என்று மட்டும் சொன்னால் போதாது. 1940-இல் இங்கிலாந்தின் புல்தரையில் நின்றதா, 1942-இல் வட ஆப்பிரிக்க மணலில் நின்றதா என்பதைப் பொறுத்து டயரின் நிறமே மாறும்.

2. புதிதாகவா, உழைத்ததாகவா? விமான நிறுவனத்தின் வரவேற்பறைக்குப் போகும் மாடல் பளிச்சென்று இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற விமானி தன் பழைய விமானத்தைக் கேட்டால், அவர் நினைவில் இருப்பது எண்ணெயும் புழுதியுமான விமானம்.

3. என்ன அளவு? 1/32, 1/48, 1/72, 1/144. அளவு மாறினால் கலவையும் மாறும்.

4. எங்கே வைக்கப் போகிறார்கள், என்ன விளக்கு? மஞ்சள் விளக்கின் கீழ் பழுப்புச் சாயல் தூக்கும், வெள்ளை எல்.இ.டி.யின் கீழ் நீலச் சாயல் தூக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு நேராக மேலே இருந்தால் சக்கரம் நிழலில்தான் இருக்கும். அப்போது ஒரு படி வெளிறச் செய்தால்தான் தெரியும்.

படத்தை எப்படி நம்புவது?

ஒரு விமானத்துக்கு ஒரு படம் போதாது. பல படங்களை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போதும் மூன்று எச்சரிக்கைகள்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய விமானத்துக்கும், பழுது பார்த்து இன்று பறக்கவிடும் பழைய விமானத்துக்கும் டயர் பெரும்பாலும் பிற்காலத்தது. முதல் உலகப்போர் விமானத்தில் கன்னங்கறுப்பு டயர் இருந்தால் அது பெரும்பாலும் பின்னால் மாட்டியது. விமானக் கண்காட்சிக்கு வரும் விமானங்களின் டயருக்குப் பளபளப்பு பூசுவதும் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்து நிறம் கலக்காதீர்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. ஆனால் ஒப்பீடு தெரியும். டயர் பக்கத்தில் இருக்கும் நிழலைவிட எவ்வளவு வெளிறியிருக்கிறது, பட்டைக்கும் சைடுவாலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பாருங்கள். அது பொய் சொல்லாது.

கைபேசிக் கேமரா இருட்டைத் தானாகவே தூக்கிவிடும், சில நேரம் அழுத்திவிடும். ஆகவே நீங்கள் கலந்த நிறத்தைக் கைபேசிப் படத்தில் சரிபார்க்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், கண்ணால் பாருங்கள்.

அளவுக்கு ஏற்ற வெளிறல்

கணக்கு இது. 1/72 மாடலை முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பது, உண்மையான விமானத்தை 21.6 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். 1/48-க்கு அது 14.4 மீட்டர். 1/32-க்கு 9.6 மீட்டர். 1/144-க்கு 43 மீட்டருக்கு மேல். தூரம் கூடக் கூட இடையில் இருக்கும் காற்றும் ஒளியும் அடர்நிறத்தை வெளிறச் செய்யும். மாடலிலும் அந்த வெளிறலை நாமே சேர்க்க வேண்டும்.

மாடலர்களிடையே வெகுகாலமாகப் புழங்கும் விகிதம்: 1/32-க்கு நூற்றுக்கு 7 பங்கு வெளிர்நிறம், 1/48-க்கு 10, 1/72-க்கு 15, 1/144-க்கு 23. இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம், தொடக்கப்புள்ளியாக எடுங்கள். துளிக்கணக்கில் சொன்னால், 1/48-க்கு ஒன்பது துளி அடிநிறத்துக்கு ஒரு துளி வெளிர்நிறம். 1/72-க்குப் பதினேழு துளிக்கு மூன்று துளி.

எதைக் கொண்டு வெளிறச் செய்வது என்பதுதான் முக்கியம். வெள்ளையைத் தொடாதீர்கள். கறுப்பில் வெள்ளை கலந்தால் நீலம் பாய்ந்த சாம்பல் வரும், டயர் ஸ்டீல் மாதிரி ஆகிவிடும். வெளிர்ப் பழுப்பு, மணல் நிறம், சூடான சாம்பல் இவற்றில் ஒன்றைச் சேருங்கள். ரப்பர் ரப்பராகவே இருக்கும்.

டப்பாவிலிருந்து சக்கரத்துக்கு

கடையில் கிடைப்பவற்றில் தொழிலுக்கு உதவும் சில நிறங்கள்: டாமியாவின் எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக், எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக், எக்ஸ்எஃப்-63 ஜெர்மன் கிரே. மிஸ்டர் ஹாபியின் எச்-77 டயர் பிளாக். வயேஹோவின் பான்சர் ஏசஸ் வரிசையில் 305 லைட் ரப்பர், 306 டார்க் ரப்பர். கடைசி இரண்டும் டேங்க் மாடல் செய்வோருக்கென்று வந்தவை. பழுப்பு கலந்த ரப்பர் வேண்டும்போது விமானத்துக்கும் அருமையாகப் பொருந்தும். பெயரில் "ரப்பர்" இருக்கிறது என்பதற்காக நேராக அடித்துவிடாதீர்கள். அது அடிநிறம் மட்டும்தான்.

ஒரு சக்கரத்தை நான் எப்படி முடிக்கிறேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். 1/48 அளவில், 1950-களுக்குப் பிந்தைய ஒரு ஜெட் போர்விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைப் பல்குச்சியில் குத்தி நிறுத்துகிறேன். மோல்டு கோடு இருந்தால் பட்டையின் நடுவே நைஸ் உப்புத்தாளால் தேய்த்து எடுக்கிறேன். சாம்பல் ப்ரைமர். பிறகு ரிம்முக்கு உரிய நிறம். சோவியத் வகை விமானங்களில் பல நேரம் அது கண்ணைப் பறிக்கும் பச்சை. அமெரிக்க ஜெட்களில் பெரும்பாலும் வெள்ளை. அது காய்ந்ததும் ரிம்மை வட்ட மாஸ்க்கால் மூடுகிறேன். எடுவார்ட் நிறுவனம் கிட்டுக்கேற்ப வெட்டிய மாஸ்க் விற்கிறது. இல்லாவிட்டால் வரைபட ஸ்டென்சிலின் வட்டத்தில் மாஸ்கிங் டேப்பை வெட்டிக்கொள்ளலாம்.

டயருக்கு எக்ஸ்எஃப்-85 ஒன்பது துளி, எக்ஸ்எஃப்-57 பஃப் என்ற வெளிர்ப் பழுப்பு ஒரு துளி. ஏர்பிரஷ்ஷில் மெல்லிய இரண்டு கோட். காய்ந்ததும் அதே கலவையில் இன்னும் இரண்டு துளி பஃப் சேர்த்து, பட்டையின் மேல் மட்டும், சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே குறுக்கலாக அடிக்கிறேன். சைடுவாலில் படக் கூடாது. விமானம் தரை தொடும் நொடியில் சக்கரம் சுழலாமல் நிற்கிறது. ஓடுபாதையில் உரசி, புகை கிளம்பி, ஒரே இழுப்பில் அந்த வேகத்துக்கு வருகிறது. ரப்பர் உரிவது பட்டையில்தான். அந்த வெளிறல் பட்டையோடு நின்றால்தான் பார்ப்பவருக்கு அது தரையிறங்கிய விமானம் என்று தெரியும்.

அடுத்து பள்ளம். ஜெட் விமானங்களின் டயரில் நம் லாரி டயர் மாதிரி பட்டன் கிடையாது. சுற்றுவாக்கில் ஓடும் நேர்க்கோட்டுப் பள்ளங்கள்தான். நீர்த்த கறுப்பு வாஷை அந்தப் பள்ளத்தில் தொட்டால் தானாக ஓடி நிற்கும். ரிம்மும் டயரும் சேரும் விளிம்பிலும் அப்படியே. கடைசியாக மினுமினுப்பு: பட்டைக்கு முழு மேட் வார்னிஷ், சைடுவாலுக்கு அரை மேட். இந்தச் சிறு வித்தியாசம் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. ஆனால் இது இல்லையென்றால் சக்கரம் பிளாஸ்டிக்காகவே இருக்கும்.

மூன்று வேலை, மூன்று நிறம்

சாப்வித் கேமல், 1917–18, பிரான்ஸ், 1/48. டயர் சாம்பல். எக்ஸ்எஃப்-20 மீடியம் கிரேயில் கொஞ்சம் பஃப். சக்கரத்தின் பக்கம் துணி உறையால் மூடப்பட்டிருக்கும். அந்த உறையின் விளிம்பில் பழுப்பு வாஷ். புல்தரை என்பதால் பட்டையில் ஜெட்டுக்குச் சொன்ன உரசல் வேண்டாம். ஈரமண் பழுப்பு ஓரங்களில் போதும். அதன் சுழலும் எஞ்சின் ஆமணக்கெண்ணெயைச் சிதறும் வகை. கீழ்ப்பக்கத்தில் மெல்லிய எண்ணெய்க் கறை பொருத்தமாக இருக்கும்.

கோர்சேர், 1944, பசிபிக் தீவு, 1/48. பவளப்பாறையை நொறுக்கிப் பரப்பிய ஓடுபாதைகள் அங்கே பல. தூசி கிட்டத்தட்ட வெள்ளை. வெயிலும் கடுமை. எக்ஸ்எஃப்-85-ஐ வழக்கத்தைவிட ஒரு படி அதிகமாக வெளிறச் செய்யுங்கள். அமெரிக்க டயர்களில் வைரக்கட்டம், சதுரக்கட்டம் எனப் பதிந்த பட்டைகள் உண்டு. அந்தக் கட்டங்களின் இடுக்கில் தந்தநிறப் பிக்மென்ட் தூளை வைத்து, மேற்பரப்பைத் துடைத்துவிடுங்கள். இடுக்கில் வெள்ளை, மேட்டில் சாம்பல். இதே விமானம் கப்பலில் இருந்தது என்று வாடிக்கையாளர் சொன்னால் இந்தத் தூசி முழுவதும் தப்பு. அங்கே கிரீசும் எண்ணெயும்தான். முதல் கேள்வி ஏன் முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும்.

போயிங் 747, 1/144, விமான நிறுவன அலுவலகத்துக்கு. மூக்கில் இரண்டு, இறக்கைக்கும் உடலுக்கும் கீழே பதினாறு, மொத்தம் 18 சக்கரம். சுத்தமாக இருக்க வேண்டும், மண் வேண்டாம். அளவு சிறியது என்பதால் அடர்சாம்பல் போதும், எக்ஸ்எஃப்-63-ஐப் பஃப்பால் சூடாக்கி அடிக்கலாம். இங்கே ஒரு நுணுக்கம். விமான டயர்கள் எல்லாம் ஒரே நாளில் மாற்றப்படுவதில்லை. தேய்ந்தது தேய்ந்தபடி தனித்தனியாக மாற்றுவார்கள். ஆகவே பதினெட்டில் இரண்டு மூன்றை மட்டும் ஒரு சாயல் அடர்த்தியாக விடுங்கள். பழைய டயரின் உடலை வைத்துக்கொண்டு பட்டையை மட்டும் புதிதாகப் போடும் ரீட்ரெட் முறையும் விமானத்தில் சாதாரணம். அப்படிப்பட்டதில் சைடுவால் பழுத்தும் பட்டை புதிதாகவும் இருக்கும். விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர் பார்த்தால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

சிறு குறிகள், பெரிய மதிப்பு

ரிம்மிலிருந்து டயர் மேல் ஓடும் ஒரு சிறு கோட்டை உண்மை விமானங்களில் பார்க்கலாம். வெள்ளையோ சிவப்போ. பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேல் நழுவுகிறதா என்று கண்டுபிடிக்க இட்ட குறி அது. ட்யூப் உள்ள சக்கரத்தில் டயர் நழுவினால் வால்வு அறுந்துபோகும். ஆகவே தரைப் பணியாளர் அதைத் தினமும் பார்ப்பார். சுமார் ஓர் அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால், 1/48-இல் அது அரை மில்லிமீட்டர், 1/72-இல் அதற்கும் குறைவு. தூரிகையில் இழுப்பதைவிட, டெக்கல் தாளில் மெல்லிய கீற்று வெட்டி ஒட்டுவது நேர்த்தி. அந்தக் கோடு டயரிலும் ரிம்மிலும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். விலகி நின்றால், டயர் நழுவிய விமானத்தைக் காட்டியதாகிவிடும்.

சைடுவாலில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக வைப்பார்கள். 1/32, 1/24 அளவு மாடலில் இதைச் செய்தால் எடுப்பாக இருக்கும். 1/72-இல் விட்டுவிடுங்கள்.

பணிமேசை ஒழுங்கு

தொழில் என்று வந்துவிட்டால் ஒரு தடவை நன்றாக வந்தது போதாது. மறுபடியும் அதையே கொண்டுவர முடிய வேண்டும். அதற்குச் சில பழக்கங்கள்.

- ஒவ்வொரு கலவையையும் துளிக்கணக்கோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே அந்த நிறத்தை ஒரு பிளாஸ்டிக் துண்டில் அடித்து ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து "அதே மாதிரி இன்னொன்று" என்று கேட்டால் தடுமாற வேண்டியதில்லை. ஸ்டூடியோவில் வேலை செய்பவரானால், உங்கள் லீவு நாளில் அடுத்தவர் அதைத் தொடர முடியும்.

- ஒரு விமானத்தின் எல்லாச் சக்கரங்களையும் ஒரே கலவையில், ஒரே அமர்வில் முடியுங்கள். வித்தியாசம் வேண்டுமானால் அது நீங்கள் வைத்த வித்தியாசமாக இருக்கட்டும்.

- சில கிட்களில் டயர் மென்மையான வினைலில் வரும். அதில் உள்ள இளக்கும் பொருள் காலப்போக்கில் வெளியேறி, தொட்டிருக்கும் பிளாஸ்டிக் ரிம்மை உருக்கிவிடும். மாடல் போய்ச் சேர்ந்து சில வருடம் கழித்து நடக்கும் கேடு இது. விற்பனைக்குச் செய்யும் மாடலில் வினைல் டயரைத் தவிர்த்து, ரெசின் சக்கரம் வாங்கிப் போடுங்கள். அந்தச் செலவை ஆரம்பத்திலேயே விலையில் சேர்த்துவிடுங்கள்.

- விமானத்தின் எடையில் டயர் தரையில் சற்றே தட்டையாகும். அடிப்பக்கத்தை லேசாக உப்புத்தாளில் தேய்த்தால் போதும். அதிகமாகத் தேய்த்தால் பஞ்சர் ஆன மாதிரி இருக்கும்.

- லாக்கர் வகைப் பெயிண்ட், தின்னர் பயன்படுத்தினால் எக்ஸாஸ்ட் ஃபேனும், ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடியும் கட்டாயம். சாதாரணத் துணி முகமூடி தூசியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. பிக்மென்ட் தூளுக்கும் மூக்கை மூடுங்கள். இது உங்கள் பிழைப்பு. நுரையீரலை அடமானம் வைத்துப் பிழைக்க வேண்டாம்.

விலையும் வேலை தேடலும்

மாடலுக்கு விலை சொல்லும்போது சக்கரங்களை எண்ணுங்கள். மூன்று சக்கரப் போர்விமானமும், பதினெட்டுச் சக்கரப் பயணிகள் விமானமும் ஒரே நேரத்தில் முடியாது. "எளிய பூச்சு", "முழு நுணுக்கம்" என்று இரண்டு தரமாகப் பிரித்து, இரண்டையும் படத்தோடு காட்டுங்கள். எதற்குப் பணம் தருகிறோம் என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்தால் பேரம் குறையும்.

மாடல் ஸ்டூடியோவிலோ அருங்காட்சியகத்துக்குப் பொருள் செய்யும் நிறுவனத்திலோ வேலை கேட்டுப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முழு விமானங்களின் படத்தோடு ஒரு சிறிய மாதிரிப் பலகையும் கொண்டுபோங்கள். ஒரே வகை டயரை 1/32, 1/48, 1/72, 1/144 என நான்கு அளவில் செய்து வரிசையாக ஒட்டுங்கள். கீழே அடுத்த வரிசையில் அதே டயரைப் புதிது, புல்தரை, மணல், கப்பல் தளம் என நான்கு நிலையில். ஒவ்வொன்றின் கீழும் கலவை எழுதுங்கள். நேர்காணலில் எதிரே இருப்பவர் "ஏன் இது இப்படி வெளிறியிருக்கிறது?" என்று கேட்பார். நீங்கள் காரணம் சொல்வீர்கள். பேச்சு அங்கிருந்தே நல்லபடியாக நகரும். விமானத்தை அழகாகக் காட்டும் கை பலரிடம் உண்டு. எடுத்த ஒவ்வொரு நிறத்துக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவர் குறைவு. நிறுவனங்கள் தேடுவது அவரைத்தான்.

வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ளாத தருணமும் வரும். "டயர் கறுப்பாகத்தானே இருக்க வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். வாக்குவாதம் வேண்டாம். அவர் கேட்ட விமானத்தின் காலத்துப் படத்தைக் காட்டுங்கள். உங்கள் நிறத்தில் ஒரு சக்கரமும், கறுப்பில் ஒரு சக்கரமும் செய்து மாடலின் அருகில் வையுங்கள். பெரும்பாலானோர் தாங்களாகவே சாம்பலை எடுப்பார்கள். அப்படியும் கறுப்புதான் வேண்டும் என்றால், சுத்தக் கறுப்பை விட்டு நேட்டோ பிளாக்கை அடித்து, பட்டையை மட்டும் ஒரு சாயல் வெளிறச் செய்யுங்கள். கேட்டவர் சொல்லுக்கும் மதிப்பு, வேலைக்கும் மதிப்பு.

இன்றே தொடங்குங்கள்

இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம், வகுப்பு வேண்டாம். பழைய கிட்டில் மிஞ்சிய சக்கரங்களை எடுங்கள். ஓர் அடர்சாம்பல், ஒரு வெளிர்ப் பழுப்பு, ஒரு கறுப்பு, ஒரு மேட் வார்னிஷ்: நான்கே டப்பா. ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் காலத்தையும் இடத்தையும் எழுதிக்கொண்டு, துளிக்கணக்கில் கலந்து, ஒரு சக்கரத்தை முழுமையாக முடியுங்கள். அந்தக் கலவையைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பக்கம் நிரம்ப நிரம்ப, எந்த விமானம் வந்தாலும் தயங்காமல் நிறம் சொல்லும் மாடலராகிவிடுவீர்கள். இந்தத் தொழிலில் நிலைத்து நிற்க அந்தக் குறிப்பேட்டைவிடப் பெரிய முதலீடு இல்லை.